பெயின்ட்டின் மேல் முடுக்கிய போல்ட்

மலையில் கிடந்த அந்த டிரெய்லரைப் பற்றி யாராவது கேட்டால் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். என் மனைவிக்கே பாதிதான் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. ஒடுகத்தூரில் ஒரு பேட்டரிக் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்திருந்தேன். ஜவ்வாது மலைக்கு வைத்திய வண்டி அனுப்பிய ஒரு தொண்டு நிறுவனம் என்னை எலக்ட்ரீஷியனாக எடுத்துக்கொண்டது. வண்டி என்றால், ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் தங்கும் டிரெய்லர். ஊர் சுற்ற வந்த யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனது. மடக்குக் கட்டில், கை கழுவும் தொட்டி, சின்ன ஜன்னல்கள் எல்லாம் அதில் இருந்தன. மலையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் ஓரம் அதை நிறுத்தி, டாக்டர் அம்மா நோயாளிகளைப் பார்த்தார்.

அங்கே மின்சாரம் கிடையாது. டிரெய்லருக்கு அடியில் இரண்டு லாரி பேட்டரிகளை வைத்து, உள்ளே இரண்டு டியூப் லைட், ஒரு விசிறி, ஊசி வேகவைக்க ஒரு ஹீட்டர், எல்லாவற்றுக்கும் நான்தான் வயர் இழுத்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் வோல்ட் மீட்டரும் வைத்தேன். அதன் மேல் எனக்குத் தனிப் பெருமை. வருகிறவர்களிடம், "பேட்டரி வயித்துல எவ்ளோ இருக்குதுன்னு இந்த ஊசி சொல்லிடும்" என்று காட்டுவேன்.

தினமும் சாயந்திரம் ஜீப்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். பன்னிரண்டே முக்கால் வோல்ட். காலையில் நான் பள்ளிக்கூட அறையிலிருந்து எழுந்து வருவதற்குள் டாக்டர் அம்மா வேலையைத் தொடங்கியிருப்பார். அப்போது பார்த்தால் பதினொன்றரைக்கும் கீழே. ஒரு வாரம் இதே கதை. ராத்திரியில் யாரோ கரண்டை எடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

டிரெய்லர் சாவி ஒரு அம்மாவிடம் இருந்தது. அந்த ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். விடிந்ததும் வந்து டிரெய்லரைப் பெருக்கித் துடைத்து, தொட்டியில் தண்ணீர் நிரப்புவார். சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வார். அதுவரை அவரை "வாங்க, போங்க" என்றுதான் பேசிவந்தேன்.

அன்று காலை வரிசையில் முப்பது பேர் நின்றிருப்பார்கள். படிக்கட்டில் நின்றுகொண்டு கேட்டேன்.

"ராத்திரி வண்டியில இன்னா போட்ட?"

"இன்னா சார்? நான் காலீலதான வந்தேன். பெருக்கினேன். வேற இன்னா போடுவேன்?"

அவருடைய துணிப்பை கதவுக் கொக்கியில் தொங்கியது. யாரும் சொல்லாமலே அதை எடுத்துக் கையை விட்டேன். உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. அதை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன்.

"அப்போ இது இன்னா?"

"அது உங்களாண்ட காட்டலாம்னு..."

"பாட்டு கேக்க எங்க பேட்டரிதான் கெடச்சுதா ஒனக்கு?"

வரிசையில் யாரோ, "கரண்டத் திருடினியாம்மே?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அப்புறம் பேசிக்கலாமே" என்றார்.

"அப்புறம்னா பேட்டரியே இருக்காதுங்க மேடம்" என்று நோட்டை நீட்டினேன். எண்கள் எழுதிய நோட்டை யார் மறுக்க முடியும்?

அந்த அம்மா முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துப் படியில் வைத்தார். பையை வாங்கிக்கொண்டு, சிரிக்கிற வரிசையின் பக்கமாகவே நடந்து போனார். போக வேறு வழி இல்லை.

அடுத்த நாள் காலை மீட்டர் ஊசி அதே பதினொன்றரைக்குக் கீழே நின்றது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? அந்த அம்மாவிடம் இன்னொரு சாவி இருக்கும் என்று நினைத்தேன். அன்றிரவு டிரெய்லருக்குள்ளேயே படுத்தேன். யாரும் வரவில்லை. காலையில் எழுந்து மீட்டரைப் பார்த்தேன். பன்னிரண்டரை. டாக்டர் அம்மா வந்து லைட்டையும் விசிறியையும் ஹீட்டரையும் போட்டார். என் கண் முன்னாலேயே மீட்டர் ஊசி பதினொன்றரைக்குக் கீழே இறங்கியது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் டிரெய்லருக்கு அடியில் ஊர்ந்து போனேன். ஹீட்டரை ஓடவிட்டபடியே கையிலிருந்த டெஸ்ட் மீட்டரைப் பேட்டரி முனைகளிலேயே வைத்தேன். பன்னிரண்டேகால். பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து பலகைக்குப் போவதற்குள் ஏறக்குறைய ஒரு வோல்ட் வழியில் காணாமல் போனது. கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் எர்த் வயரைத் தொட்டுப் பார்த்தேன், விரலைச் சுட்டது. டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் பெயின்ட்டைச் சுரண்டாமல், அதன் மேலேயே போல்ட்டை வைத்து முடுக்கியிருந்தேன். அவசரத்தில் மெல்லிய வயர் வேறு போட்டிருந்தேன். மீட்டரையும் அதே வயரின் கடைசியில் கோத்திருந்தேன். எதுவும் ஓடாதபோது அது சரியாகக் காட்டும். லைட்டும் ஹீட்டரும் ஓடி லோடு ஏறினால் வழியில் விழும் வோல்ட்டைப் பேட்டரியின் குறையாகக் காட்டும். சாயந்திரம் எல்லாம் அணைத்தபின் ஒரு அளவு, காலையில் எல்லாம் ஓடும்போது ஒரு அளவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நடுவில் ஒரு திருடியை வைத்தேன். பேட்டரிக் கடையில் முதல் மாசம் சேர்ந்தவனுக்குத் தெரிகிற விஷயம் இது.

பெயின்ட்டைச் சுரண்டி, தடித்த வயர் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டர் அம்மா வந்து பார்த்தார்.

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க மேடம். லூஸ் கனெக்‌ஷன்."

"அப்போ அந்தம்மா?"

இங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். "வயரு லூஸானது, அவங்க எடுத்தது, ரெண்டும் இருந்திருக்கலாம்ங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் எங்களோடு வந்திருந்த நர்ஸ் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தம்மா மருமவளுக்கு எட்டு மாசம். இங்க கூட்டிகினு வரமாட்டேங்கறாங்க. சந்தையில கூட கரண்டுக்காரின்னு கூப்புடறாங்களாம்." மறுநாள் அவர் வீட்டுக்கு நடந்தேன். முற்றத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"தப்பு என்னுதுங்க. வயரு சரியா போடல. நீங்க ஒண்ணும் எடுக்கல."

புளியைத் தட்டுவதை அவர் நிறுத்தவில்லை. "அந்த ரேடியோ பேசறதில்ல சார். ரிப்பேரு பாப்பீங்கன்னு எட்த்தாந்தேன். தெறந்து பாத்திருந்தா உள்ள வயரு அறுந்து கெடக்கறது தெரிஞ்சிருக்கும்."

"மன்னிச்சுக்குங்க."

"அன்னிக்கி அத்தினி பேரு எதிர்ல சொன்னீங்க. இன்னிக்கி யாரும் இல்லாத நேரமா பாத்து வந்துகிறீங்க."

"எல்லார் எதிர்லயும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை வரிசையின் கடைசியில் அவர் மருமகளோடு நின்றிருந்தார். படிக்கட்டில் ஏறினேன்.

"வயர்ல ஒரு கோளாறு இருந்துச்சு. அதனாலதான் கரண்டு கொறஞ்சுது. அந்தம்மா மேல தப்பு இல்ல."

சொல்லிவிட்டு இறங்கப் போனேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது, உரக்க இல்லை.

"வயரு யாரு சார் போட்டது?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன். "நான்தான் தப்பா போட்டேன். அத மறச்சும் வச்சேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. டாக்டர் அம்மா கதவில் நின்று, "ரெண்டும் இருந்திருக்கலாம்னு சொன்னீங்களே" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு இறங்கிப் போய், அந்த அம்மாவைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார்.

"வேல வேணாம்மா. மருமவளப் பாருங்க. அதுக்குத்தான் வந்தேன்" என்றார் அவர்.

வேலையை வேறொருத்தர் பார்த்தார். மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்ததை நர்ஸ் சொல்லித்தான் கேட்டேன். டாக்டர் அம்மா அதற்குப் பிறகு என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர எதுவும் பேசவில்லை.

மழைக்காலம் வந்ததும் டிரெய்லரைக் கீழே கொண்டுபோக உத்தரவு வந்தது. மைதானச் சேற்றில் சக்கரம் புதைந்துவிட, ஊரே வந்து தள்ளியது. நான் பின்பக்கம் தோள் கொடுத்துத் தள்ளியபோது, எனக்கு இரண்டு ஆள் தள்ளி அந்த அம்மாவும் கை வைத்திருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன். "பாத்துங்க, சேறு" என்பதுதான் வாயில் வந்தது. அவர் திரும்பவில்லை. சக்கரம் மேலே ஏறியதும் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு, மற்றவர்களோடு பேசியபடி போய்விட்டார்.