சூசையின் பெயர் எழுதிய கருங்கல்

எழுபதுகளில் தூத்துக்குடியில் வீடு கட்டக் கடலுக்கடியிலிருந்து பவளப்பாறைக் கல்லைப் பெயர்த்து எடுத்து வருவார்கள். அந்த வேலைக்குப் போன என் கணவர் சூசை, ஒருநாள் முங்கியவர் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. எனக்குப் போய் நிற்க ஓர் இடமில்லை. மெழுகுவர்த்தியோடு, புதுத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் போடுகிற இடத்துக்குப் போனேன். பெரிய பெரிய கருங்கற்களை லாரியில் கொண்டுவந்து, கிரேனால் கடலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

லாரி டிரைவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

“இங்கன நிக்காதிய தாயி. கல்லு உருளும்.”

“எங்க வீட்டுக்காரரு இந்தக் கடல்லதான் கெடக்காரு அண்ணாச்சி. மெழுகுவர்த்தி வைக்க அவருக்கு ஒரு கல்லறை இல்ல,” என்றேன்.

அவர் என் கையிலிருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தார். பிறகு, “அவரு பேரு என்ன?” என்று கேட்டார்.

கற்களுக்கு அடையாளம் போடும் வெள்ளைப் பெயின்ட்டை எடுத்து, அடுத்து இறங்கவிருந்த கல்லில் ‘சூசை’ என்று எழுதி, பக்கத்தில் சிலுவையும் போட்டார். நான் மெழுகுவர்த்தியை ஏற்றி அதன்மேல் வைத்தேன். காற்றில் அணையாதபடி அவர் இரு கைகளாலும் மறைத்துக்கொண்டு நின்றார். கிரேன்காரர் இன்ஜினை நிறுத்தினார். மெழுகு உருகி முடியும்வரை யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

“மெல்ல எறக்குலே,” என்றார் டிரைவர். கல் பதமாகத் தண்ணீருக்குள் போனது.

அதுவரை தினமும் என் கணவருக்கென்று ஒரு பங்கு சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து, பானையில் இருந்ததை எல்லாம் நானே அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

முன்பின் தெரியாத ஒருவர் என் கணவரை அடக்கம் செய்து கொடுத்தார். அப்படித்தான் அதை நான் நினைத்துக்கொள்கிறேன்.