இரண்டு வினைக்கு நடுவில் ஒருத்தி

லூர்து மேரிக்கு ஆங்கிலம் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். டாக்டர் ஜஹாங்கீர் செம்பூரில் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி ஆரம்பித்தது 1964இல். அங்கே ஆயா வேலை கேட்டுப் போனவளிடம் இங்கிலீஷ் வருமா என்று அவர் கேட்க, யோசிக்காமல் 'எஸ்' என்றாள். அவளைப் போலவே தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிக்காரர்களுக்கு டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வதும் அதோடு அவள் வேலையாயிற்று.

டாக்டர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். அவசரம் வந்தால் இந்தி போய்விடும். மேரிக்கு வார்த்தைகள் தெரியும். அவற்றைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகித்துவிடுவாள். புரியவில்லை என்று ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டால் சாயம் வெளுத்துவிடும் என்று பயம்.

அந்த மழைக்காலத்தில் நெல்லையப்பன் என்பவன் குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்து படுத்தான். தாராவித் தோல் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். மறுநாள் காலையில் ஆபரேஷன். அவன் பெண்டாட்டி பேராச்சி தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆபரேஷன் அறைக்குப் போய்க்கொண்டிருந்த டாக்டர் தூக்குச்சட்டியைப் பார்த்துவிட்டு, மேரியிடம் நடந்தபடியே சொன்னார்: "ஐ வோன்ட் ஹாவ் ஹெர் ஃபீடிங் ஹிம்."

'ஹாவ்' என்றால் சாப்பிடுவது. 'ஹாவ் டீ' என்று தினமும் கேட்கிற வார்த்தை. தனக்கு வேண்டாம் என்கிறார், அவள் அவனுக்கு ஊட்டுகிறாள் என்கிறார். மேரி அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

"மேரியக்கா, இவிய பசிக்குங்காவ. ஒரு வாய் குடுக்கட்டா?" என்று பேராச்சி கேட்டாள்.

"குடு. டாக்டரு பாத்துட்டுத்தான் போறாரு."

மயக்க மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்தில் நெல்லையப்பனுக்குக் கஞ்சி மேலே ஏறி மூச்சுக்குழலில் இறங்கிவிட்டது. மேஜையைத் தலைப்பக்கம் தாழும்படி சாய்த்து, குழாய் விட்டு உறிஞ்சி எப்படியோ உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஆபரேஷன் நடக்கவில்லை. அன்று சாயங்காலமே நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. வராந்தாவில் நின்ற மேரியைப் பார்த்து டாக்டர், உன்னிடம் சொன்னேனே என்றார்.

அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வீட்டில் சோறு கொதிக்கும்போது எழுந்து வாசலுக்குப் போவாள், திரும்புவாள், மறுபடியும் போவாள். புருஷன் தனசீலன் மில்லிலிருந்து வந்து பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். பேராச்சியிடம் ஆஸ்பத்திரியில் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கஞ்சியால்தான் இப்படி ஆயிற்று என்பதே அவளுக்குத் தெரியாது. தினமும் வந்து புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகும்போது, வரேன்க்கா என்று மேரியிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

மாட்டுங்காவிலிருந்து வரும் நர்ஸ் விஜயலக்ஷ்மியும் மேரி வயதுக்காரிதான். துணி மடித்துக்கொண்டிருந்தபோது மேரி அவளிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லி, இதற்கு என்ன அர்த்தம் சிஸ்டர் என்றாள். விஜயலக்ஷ்மி மடிப்பதை நிறுத்தினாள்.

"அவளை ஊட்ட விடமாட்டேன்னு அர்த்தம்," என்றாள். "நம்ம பாஷைல ஊட்ட, விட, மாட்டேன்னு எல்லாம் கடைசில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிண்டு வந்துடும். இங்கிலீஷ்ல நடுவுல ஆள் வந்து நிப்பா. முன்னாடி இருக்கற வினை அவ மேல விழும். பின்னாடி இருக்கற வினையை அவதான் செய்யணும். அந்த 'ஹெர்' ரெண்டு பக்கமும் வேலை பாக்கறா, லூர்து."

மேரி கையிலிருந்த போர்வையை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

விடமாட்டேன் என்பதற்கு 'ஹாவ்' எப்படி வந்தது என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. இந்த மாதிரி வார்த்தைகளை விஜயலக்ஷ்மியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ரயிலில் குர்லாவில் இறங்கி மாறும்போதும் அதுதான். எதிர் பெஞ்சில் ஒரு தாய் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்தால் அது 'மேக்'. எழுந்து ஓட விட்டால் 'லெட்'. கெஞ்சிச் சாப்பிட வைத்தால் 'கெட்'. அதற்கு மட்டும் நடுவில் ஒரு 'டு' வேண்டுமாம். 'மேக்' பக்கத்தில் அந்த 'டு' ஏன் வராது என்று விஜயலக்ஷ்மியைக் கேட்டாள். எனக்குத் தெரியாது, அப்படித்தான் சொல்வார்கள் என்றாள் அவள். ஜனங்கள் ஒருவரை ஒருவர் இழுப்பதும் தள்ளுவதும் போகவிடுவதுமாக மேரிக்குத் தெரிந்தது. இறங்க வேண்டிய சயான் ஸ்டேஷன் வந்ததைக் கவனிக்காமல் தாதர் வரை போய்த் திரும்பிய நாளும் உண்டு.

நெல்லையப்பன் காய்ச்சல் விட்டு எழுந்து உட்காரும் நேரத்தில், தோல் கிடங்கு முதலாளி ஜெயினுலாப்தீன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆபரேஷனுக்கு வந்தவனுக்கு எப்படி நெஞ்சில் சளி கட்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டார். டாக்டர் அவரை அறையில் உட்காரவைத்து, பேராச்சியையும் மேரியையும் கூப்பிட்டார். டாக்டருக்கும் பயம்தான். ஆஸ்பத்திரி தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேரியைப் பார்த்து, தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்: "மேக் ஹெர் சே ஷி ஃபெட் ஹிம் வித்தவுட் ஆஸ்கிங்."

இந்தத் தடவை ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. செய்விக்க வேண்டியது மேரி. சொல்ல வேண்டியது பேராச்சி. கேட்காமல் ஊட்டியதாக. மேரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பேராச்சி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், டாக்டர் ஏதோ நல்லது சொல்லியிருக்கிறார் என்ற எதிர்பார்ப்போடு.

"ஐ வில் லெட் ஹெர் சே, டாக்டர்," என்றாள் மேரி. "ஐ வில் நாட் மேக் ஹெர்."

பிறகு பேராச்சி பக்கம் திரும்பினாள். "ஏட்டி, அன்னைக்குக் குடுத்த கஞ்சிதான் அவியளுக்கு நெஞ்சுல எறங்கிட்டு. நீ எங்கிட்ட கேட்டுட்டுத்தான் குடுத்த. குடுக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு. எனக்கு அது வெளங்கல. வெளங்கலன்னு கேக்கவும் இல்ல."

ஆங்கிலம் தெரியாவிட்டாலும் ஜெயினுலாப்தீனுக்குத் தமிழ் தெரியும். அவர் டாக்டரையும் பார்க்கவில்லை, மேரியையும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேராச்சி, "நீங்க குடுன்னு சொன்னதுனாலதான குடுத்தேன்," என்றாள். அதையே இன்னொரு முறை சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

மாதம் முடிந்ததும் மேரியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டாக்டர் கோபமாகப் பேசவில்லை. ஆயாவுக்கு வேறு ஆள் பார்த்தாயிற்று என்று மட்டும் சொன்னார். நெல்லையப்பனுக்குத் தீபாவளி கழித்து வேறோர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அவன் பழையபடி கிடங்குக்குப் போனான். மூட்டை தூக்காமல் தோல் தரம் பிரிக்கிற வேலையை முதலாளி கொடுத்திருந்தார். தெருவில் மேரியைக் கண்டால் தலையசைப்பான். பேராச்சி பேச்சை நிறுத்திவிட்டாள். தண்ணீர்க் குழாயில் மேரி வரிசைக்கு வந்தால் குடத்தை வேறு பக்கம் நகர்த்திக்கொள்வாள். மேரி அதைத் தப்பென்று சொன்னதில்லை.

விஜயலக்ஷ்மிதான் குர்லாவில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சொல்லி அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். அங்கே டாக்டரம்மா எதைச் சொன்னாலும் மேரி விடமாட்டாள். யார் செய்யணும், யாருக்குச் செய்யணும் என்று அங்கேயே நின்று கேட்பாள். அந்த அம்மாளுக்கு எரிச்சல் வரும். எத்தனை தடவை சொல்வது என்பார். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று மேரி அசையாமல் நிற்பாள்.