இல்லை என்று சொல்லத் தெரியாத மண்டபம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கட்டுகஸ்தோட்டையில் ஆற்றோரம் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் முதலாளி, இனி முன்பதிவெல்லாம் இணையத்தளத்தில்தான் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னார்.

2. ஒரு டீச்சரம்மா தன் மகனின் கல்யாணத்துக்கு ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றைப் பதிந்தார். தளம் “உறுதி” என்றது.

3. முதலாளியின் மகளைத் தன் மகனுக்குப் பேசி முடித்திருந்த கடுகண்ணாவைக்காரர், அதே நாளைப் பதியப் பார்த்தார். தளம் சிவப்பு எழுத்தில் “இந்த நாள் இல்லை” என்றது.

4. கடுகண்ணாவைக்காரர் முதலாளியின் போனை எடுப்பதை நிறுத்தினார்.

5. முதலாளி எங்கள் ஒஃபிஸ் படியேறி வந்தார்.

அந்தத் தளத்தைக் கட்டியவள் நான். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன நிறுவனம் அது. நான் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் வேலையும் அதுதான். இணையத்தளம் கட்டுவதற்குப் பிரேம்வேர்க் என்று ஒன்று உண்டு. வீடு கட்டுகிறவருக்குத் தூண், கூரை, கதவு எல்லாம் அளவெடுத்துத் தயாராகக் கிடைத்தால் எப்படியோ, அப்படி. உள்நுழையும் பக்கம், படிவம், தகவலைச் சேமிக்கும் அட்டவணை, தானாகப் போகும் மெசேஜ் எல்லாவற்றுக்கும் அதில் வழி இருக்கும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது விதிகள். குறிப்பிட்ட ஒரு நாளும் காலை, மாலை என்ற வேளையும் சேர்ந்து அட்டவணையில் ஒரு தடவைதான் வரலாம் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அதன்பிறகு யார் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், அந்த வரி அசையாது. எழுதி முடித்த அன்று அதைக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை தொடங்கும் முன் முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். “ஒரே நாள ரெண்டு பேர் கேட்டா என்ன செய்வீங்க?” என்ற கேள்விக்கு மட்டும், இது என்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, “பேசிக்குவேன்” என்றார். பேசிக்குவேன் என்பதற்கு எந்தப் பிரேம்வேர்க்கிலும் கட்டளை கிடையாது. முதலில் வந்தவருக்கே நாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் பேசிக்கொள்ளும் விதத்தைப் பிறகுதான் அறிந்தேன். மண்டபம் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. யார் வந்து எந்த நாளைக் கேட்டாலும் கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீ வரவழைத்து, “நம்ம மண்டபம்தானே, செஞ்சிருவோம்” என்பார். நல்ல முகூர்த்த நாள் என்றால் அந்த ஒரே நாளுக்கு மூன்று குடும்பங்கள் டீ குடித்திருக்கும். நாள் நெருங்க நெருங்க, பழத்தட்டோடு ஒவ்வொரு வீடாகப் போவார். ஒரு குடும்பத்தின் வரவேற்பை மாலைக்கு மாற்றுவார். இன்னொரு குடும்பத்தை மச்சானின் மண்டபத்துக்கு அனுப்புவார். மூன்றாவது குடும்பத்துக்கு, தங்களுக்காகவே மற்ற இரண்டு பேரையும் அவர் சமாளித்தார் என்ற பெருமை கிடைக்கும். எல்லோரும் சந்தோஷமாகக் கல்யாணம் செய்துகொண்டு போவார்கள். அவருடைய ஆமாம் களிமண் மாதிரி. எந்தப் பக்கமும் வளையும். என் தளத்தின் ஆமாம் சீமெந்து.

சந்தோஷமாக இருந்தால் என்னை “மிஸ்” என்பார். கோபம் என்றால் “ஏம்மா”. அன்று படியேறி வந்தவர் வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

“ஏம்மா, என் வாயால ஒருத்தருக்கும் சொல்லாத வார்த்தைய உன் மிஷின் என் சம்பந்திக்கே சொல்லிருச்சே. அதும் செவப்பு எழுத்துல!”

“அந்த நாள் ஏற்கெனவே டீச்சரம்மாவுக்குப் போயிருச்சுங்க, முதலாளி.”

“போகட்டும். அவர் கேட்டா ‘பார்ப்போம்’னு சொல்லக் கூடாதா? அவரு நாள் இல்லேன்னு கோவிக்கல. நாம ஒரு போன் எடுத்துப் பேசலேன்னு கோவிக்கிறாரு. நாந்தான் அவர்கிட்ட, நெட்டில ஒரு தட்டு தட்டுங்க சம்பந்தின்னு சொன்னேன்.”

மகளும் அந்தப் பையனும் விரும்பித்தான் கல்யாணப் பேச்சே தொடங்கியிருந்தது. ஜோசியர் அந்த ஆவணியில் இருவருக்கும் பொருந்துவதாகச் சொன்னது அந்த ஒரு நாளை மட்டும். மகள் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்று சொன்னபோது முதலாளியின் குரல் இறங்கியது. பிறகு, என் கம்பியூட்டரை விரலால் காட்டி, “டீச்சரம்மாவ அதுல இருந்து அழிச்சிருங்க மிஸ்” என்றார். மிஸ் திரும்ப வந்துவிட்டதைக் கவனித்தேன்.

அழிப்பது எனக்கு ஒரு சொடுக்கு வேலை. எங்கள் மனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் பெரிதுபடுத்த விரும்பாதவர். உள்ளிருந்து எட்டிப் பார்த்து, “ஓம் பிள்ளை, ஒருக்கா அழிச்சு விட்டால் என்ன?” என்றார்.

“அழிச்சா, உங்க நாள் ரத்துன்னு டீச்சரம்மாவுக்குத் தானாகவே மெசேஜ் போகும்” என்றேன்.

“அப்ப மெசேஜ் போகாம அழிங்க” என்றார் முதலாளி.

“அப்படிச் செஞ்சா, அன்னைக்கு உங்க வாசல்ல ரெண்டு மாப்பிள்ளை வந்து நிப்பாங்க.”

முதலாளி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “வந்தா பேசிக்குவேன்” என்றார்.

முடியாது என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை, எனக்குச் சத்தம் போட வராது. ஒருவருக்கு உறுதி என்று எழுதிக் கொடுத்ததை அவருக்குத் தெரியாமல் அழிக்க மாட்டேன், வேண்டுமானால் அவரிடமே போய்க் கேளுங்கள் என்றேன். மனேஜர் மெதுவாக உள்ளே போனார். முதலாளி டீச்சரம்மாவின் வீட்டுக்குப் பழத்தட்டோடு போய், போன வேகத்தில் திரும்பி வந்தார். டீச்சரம்மா “உறுதி” என்று வந்த மெசேஜை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம். “அதுகிட்ட நான் என்னத்தப் பேசுறது?” என்றார் முதலாளி.

ஆகவே மறுநாள் கடுகண்ணாவைக்குப் போனோம். வான் வண்டியில் முன்னால் முதலாளி, பின்னால் முதலாளியம்மாவும் நானும். “உங்க மிஷின் சொன்னத நீங்களே வந்து விளக்குங்க” என்பதுதான் ஏற்பாடு. மலைப்பாதையில் ஏறும்போது மூடுபனி இறங்கியிருந்தது. முதலாளியம்மா என் பக்கம் சாய்ந்து, “இவரு என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் புடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லல. டீய குடிச்சிட்டுப் போயிட்டாரு. எங்கப்பாதான் ஆள் அனுப்பிக் கேட்டாரு” என்றார். முன்னால் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் எங்களை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். சம்பந்தி முகம் கொடுக்கவில்லை. செய்திப் பத்திரிகையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். முதலாளி என்னைக் கம்பியூட்டர் மிஸ் என்று அறிமுகம் செய்தார். நான் வாயைத் திறந்தேன். உடனே முதலாளி ரயில் தாமதத்தைப் பற்றிப் பேசினார். மறுபடியும் திறந்தேன். மழையைப் பற்றிப் பேசினார். சீமெந்து விலைக்கு வந்தபோது முதலாளியம்மா, “வந்த விஷயத்தைச் சொல்லுங்க” என்றார். முதலாளி டீக்கோப்பையைக் கையில் எடுத்தார். கோப்பை காலியாக இருந்தது.

சம்பந்தியின் மனைவி அதுவரை கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப, அந்த நாள் மண்டபம் இல்லை, அப்படித்தானே அண்ணே?” என்று நேராகவே கேட்டார்.

முதலாளி கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். “இல்லை” என்றார். சொல்லிவிட்டு, ஏதாவது உடைந்துவிட்டதா என்பதுபோல் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

அந்த அம்மா நெஞ்சில் கைவைத்து, “அப்பாடா!” என்றார். சம்பந்தி பத்திரிகையை மடிப்பதை நிறுத்தினார். பிறகு அந்த வீடு முழுக்கப் பேசத் தொடங்கியது. அவர்களுக்கு முதலிலிருந்தே தங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் செய்யத்தான் விருப்பம். மண்டபக்காரரின் மகளை எடுத்துக்கொண்டு அவர் மண்டபம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சங்கடத்தோடுதான் தளத்தில் பதியப் போயிருக்கிறார்கள். விருப்பமில்லாமல் கேட்டதற்கும் இல்லை என்று பதில் வந்ததுதான் சம்பந்தியை மிகவும் காயப்படுத்தியிருக்கிறது.

“ஏன், என் மண்டபத்துக்கு என்ன?” என்றார் முதலாளி.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். “அண்ணே, கோவிக்கப்படாது. மணவறைக்கு நேரா ஒரு தூண் நிக்குது. உங்க மண்டபத்துல நாலு கல்யாணம் பார்த்திருக்கேன். இன்னும் ஒரு தாலி கட்டுறதையும் பார்த்ததில்ல.”

திரும்பி வரும்போது, பேராதனைச் சந்தியில் முதலாளி முகத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தார். “இத்தனை வருஷமா ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலியே” என்றார். முதலாளியம்மா, “எப்படிச் சொல்லுவாங்க?” என்றார்.

நான் அந்த நிறுவனத்தை விட்டு வெகுநாளாகிவிட்டது. இப்போது வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் குழு ஒன்றுக்கு வேலை செய்கிறேன். ஒரே இடத்தை இரண்டு பேர் கேட்டால் என்ன செய்வது என்று அவர்களிடம் கேட்டால், முதலில் வந்தவருக்கே என்று உடனே பதில் வருகிறது. அந்த வரியை நானும் உடனே எழுதிவிடுகிறேன். எழுதும்போதெல்லாம் முதலாளி, இது என்ன கேள்வி என்று என்னைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

கல்யாணம் கடுகண்ணாவைக் கோயில் மண்டபத்தில், ஜோசியர் சொன்ன அதே முகூர்த்தத்தில் நடந்தது. டீச்சரம்மாவின் மகனுக்கு அன்றே முதலாளியின் மண்டபத்தில் நடந்தது. தளத்தில் இப்போது உறுதி, இல்லை என்பவற்றுக்கு நடுவில், நான் விலகும் முன் சேர்த்த “பேச்சில் உள்ளது” என்ற ஒரு நிலை இருக்கிறது. வருகிற கோரிக்கை எல்லாம் முதலில் அங்கேதான் நிற்கும். “இல்லை”யை அழுத்தும் அனுமதி முதலாளியம்மாவுக்கு மட்டும். சம்பந்திகள் வாரம் ஒருமுறையாவது பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு தகராறும் இல்லை, தூணைத் தவிர.