ராஜகீழ்ப்பாக்கத்து வாசகர்

ஜூன் 3, செவ்வாய்க்கிழமை. அதிகாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, கூடுவாஞ்சேரியில் தம் வீட்டில் என் அண்ணன் காலமானார். வயது அறுபத்தொன்பது.

ஜூன் 4, புதன்கிழமை. மாலை நான்கு மணிக்குத் தாம்பரத்தில் நல்லடக்கம். மழை இல்லை.

ஜூன் 14, சனிக்கிழமை. அண்ணி ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே அண்ணன் இளமையில் நடத்திய, பழுப்பு அட்டையிட்ட கையெழுத்துப் பத்திரிகைகள் ஏழு. ஏழாவது இதழின் கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் நான்கு வரிகள். "தம்பி, இது மாமா, உங்கப்பா, கைப்பட எழுதினது. 'எங்கப்பா ஒரு தடவையாவது முழுசாப் படிச்சிருக்காரு'ன்னு உங்க அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார். "சரிங்க அண்ணி" என்றேன்.

அந்த நான்கு வரிகளை எழுதியவன் நான். அப்போது எனக்கு வயது பதினொன்று.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு விதமான தமிழ் புழங்கியது. ஒன்று, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த அப்பாவின் தமிழ். அதில் பிழை இராது, சிரிப்பும் இராது. மற்றது, புகுமுக வகுப்பில் ஒரு முறை தவறிவிட்டு, வேலைக்கு மனுப்போட்டுக் காத்திருந்த அண்ணனின் தமிழ். அதில் இரண்டும் தாராளமாக இருந்தன. அப்பாவின் தமிழைப் பேசக் கற்றுக்கொண்ட பிள்ளை என்பதால் வீட்டில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே என் பிள்ளைப் பருவம் பெரும்பாலும் கழிந்தது.

அண்ணன் நடத்திய பத்திரிகையின் பெயர் 'கேட்டீர்களா?'. மாதம் ஓர் இதழ், இதழுக்கு ஒரே பிரதி, பதினாறு பக்கம். திரைப்படப் பாட்டுக்கு அதில் இடமில்லை. பெயர்பெற்ற பாடகருக்கும் இடமில்லை. தானே கட்டித் தானே பாடுகிற, இன்னும் யார் காதுக்கும் எட்டாத ஆளைப் பற்றி மட்டுமே எழுதுவது என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. அப்படிப்பட்டவர்கள் மாதாமாதம் பதினாறு பக்கத்துக்குக் கிடைப்பார்களா என்று அப்பா ஒரு முறை கேட்டார். கிடைத்தார்கள். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்கும் தந்தையை எழுப்பிவிடாமல் பாடுவதற்கென்றே மெல்லிய பாட்டுகள் கட்டிய ரயில்வே குடியிருப்புச் சகோதரர்கள் மூவர் கிடைத்தார்கள். மருந்துப் பெயர்களாலேயே தாலாட்டு இயற்றிய பல்லாவரத்துக் கம்பவுண்டர் கிடைத்தார். சொந்த மெட்டில் பாடியதற்காக எங்கள் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து விலக்கப்பட்ட டீச்சர் ஒருவரும் கிடைத்தார். இப்போது இப்படிப்பட்ட பாட்டுக்கு 'இண்டி' என்று பெயராம். அதுவும் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கேட்க வழியில்லாத பாட்டைப் பற்றி, கேட்காதவர்களுக்கு எழுத வேண்டும். ஒலிநாடா எங்கள் தெருவுக்கு வந்திராத காலம். ஆகவே அண்ணன் மெட்டு ஏறுமிடத்தில் கோட்டை ஏற்றியும் இறங்குமிடத்தில் இறக்கியும் வண்ணப் பென்சிலால் வரைந்து காட்டுவார். பக்கத்தில் எழுதுவார்: "இரண்டாம் வரியில் இவன் மூச்சு வாங்குகிறான். அந்த மூச்சையும் தாளத்திலேயே வாங்குகிறான். கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் மார்க்கெட் சைக்கிள் கடைக்கு வாருங்கள்."

இதழை எங்கள் பகுதியில் இருபத்திரண்டு வீடுகளுக்கு வரிசையாகக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வருவது என் வேலை. கடைசி இரண்டு பக்கங்கள் 'உங்கள் கருத்து' என்ற தலைப்போடு வெறுமையாக விடப்பட்டிருக்கும். "படித்தேன். படங்கள் நன்று" என்று சிலர் எழுதினார்கள். ஒருவர் "இம்முறை தாமதம்" என்று எழுதினார். ஒரு வீட்டில் அந்தப் பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாய் செய்முறையை எழுதி வைத்திருந்தார்கள். அண்ணன் அதையும் முழுதாகப் படித்தார்.

ஏழாம் இதழில் என் கவிதை வரவேண்டியிருந்தது. ஐப்பசி மழையைப் பற்றி எட்டு வரி. எதுகை எங்கும் பிசகாது. வாக்களித்திருந்த அண்ணன், இதழ் தயாரானபோது தலையைச் சொறிந்தார்.

"இந்த மாசம் இடமில்லடா. ஏழுமலைக்கே நாலு பக்கம் போயிடுச்சு. உன்னுது அடுத்த மாசம், முதல் பக்கத்துலயே."

"அவன் மீன்காரம்மா பையன்தானே?" என்றேன்.

"அதனால?"

பதில் இல்லாத இடத்தில்தான் கோபம் வளர்ந்தது.

ஏழுமலையின் தாய் நாள்தோறும் விடியற்காலையில் கோவளத்திலிருந்து பேருந்தில் மீன் கொண்டுவந்து தாம்பரம் மார்க்கெட்டில் விற்பவர். ஏழுமலை அருகிலிருந்த சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினான். அவனிடம் ஒரு புல்புல்தாரா இருந்தது. தட்டச்சுப் பொறியின் விசைகளைத் தந்திகளின்மேல் பொருத்தினாற்போன்ற வாத்தியம். அண்ணன் நான்கு பக்கம் எழுதியது அவனுடைய பஸ்ஸுப் பாட்டைப் பற்றி.

"எங்கம்மா ஏறுனா எல்லாரும் எழுந்துக்குறான்,
எட்டு ஊரு வரைக்கும் ஜன்னல் சீட்டு அவளுக்குத்தான்."

அண்ணன் எழுதியிருந்தார்: "முதல் முறை கேட்பவர் சிரிப்பார். இரண்டாம் முறை, எழுந்து போனவர்களில் தானும் ஒருவர் என்பது விளங்கும். இவ்வளவு கசப்பை இவ்வளவு துள்ளலான மெட்டில் வைத்துப் பாட இந்தப் பதினெட்டு வயதுக்காரனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

இதழ் இருபத்திரண்டு வீடுகளும் சுற்றித் திரும்பிய நாளில், அப்பா சான்றிதழ்களில் கையொப்பமிடும் பச்சை மைப் பேனாவை எடுத்தேன். பச்சை மையில் எழுதினால் பெரிய மனிதர் எழுதியதாகத் தோன்றும் என்பது என் கணக்கு. எழுத்தையும் அப்பாவைப் போலவே வலப்புறம் சாய்த்தேன். அவர் விடைத்தாள்களில் எழுதும் சொற்களைத் தவிர வேறு பெரிய சொற்கள் எனக்குத் தெரியாது. எழுதியது இது:

"பாடுபவருக்குப் பயிற்சி இல்லை. பேருந்தில் மீன் நாறுவது பாட்டுக்குரிய பொருள் அன்று. இசையறியாத ஒருவர் இசையைப் பற்றி எழுதத் துணிந்தது வருந்தத்தக்கது. – ஒரு வாசகர், ராஜகீழ்ப்பாக்கம்."

பிற்காலத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நான் நூல்களுக்கு மதிப்புரை எழுதினேன். கண்டிப்பானவன் என்று பெயர் பெற்றேன். என் முதல் மதிப்புரை இதுதான். நடை அதிகம் மாறவில்லை.

அண்ணன் நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார். "இது யார் வீட்டுல இருந்தப்ப எழுதினது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். ராஜகீழ்ப்பாக்கத்துக்கு எங்கள் இதழ் போவதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் திரும்பி, அப்பாவின் மேசையைச் சற்று நேரம் பார்த்தார். நான் தப்பித்துக்கொண்டதாக நினைத்தேன்.

வாசகர் கருத்தைப் பாடியவருக்குப் படித்துக்காட்டியே தீர வேண்டும் என்பது அவருடைய இன்னொரு விதி. சனிக்கிழமை சைக்கிள் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏழுமலை, உன்னப் பத்தி ஒருத்தர் எழுதியிருக்காரு."

"மெய்யாலுமா? யாருண்ணா? இன்னா எழுதிகீறாரு?" டயரைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவனைப் பற்றி எழுதியது யாராயிருந்தாலும், கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

அண்ணன் படித்தார். இரண்டாம் வாக்கியத்தில் சற்றுத் தயங்கினார், ஆனால் விடவில்லை.

கடைக்காரர் உள்ளேயிருந்து, "மீனு நாறாம பின்ன, மல்லியப்பூவா நாறும்? யார்யா அந்த ஆளு, இட்டாந்து காட்டு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்தான்.

"வுடுண்ணா. படிச்சவரு போல கீது. கரெக்டாத்தான் கேட்டுகீறாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கம்மா காதுக்கு மட்டும் போவ வாணாம். அது அந்தப் பாட்டத் தன்னுதுன்னு நெனச்சுகினு கீது" என்றான்.

அந்தப் பொங்கலுக்குத் தண்டவாளத்துக்கு அப்பால் போடும் விழா மேடையில் ஏழுமலைக்குப் பத்து நிமிடம் வாங்குவதற்காக அண்ணன் மூன்று வாரம் விழாக் குழுவினரின் பின்னால் அலைந்திருந்தார். சினிமாப் பாட்டு இல்லையென்றால் கூட்டம் கலைந்துவிடும் என்றார்கள். கலைந்தால் நான் பொறுப்பு என்று சொல்லி வாங்கினார். அவன் தாய் புதுச்சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு இருபுறமும் நாற்காலிகள் காலியாக இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் அந்தப் பாட்டோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஏழுமலை ஒலிவாங்கியைப் பிடித்தான். மேடைக்கு அருகில் நின்ற அண்ணனை ஒருமுறை பார்த்தான். பிறகு அந்த ஆண்டு எல்லாத் தேநீர்க் கடைகளிலும் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டைப் பாடினான். பிசிறில்லாமல் பாடினான். கூட்டம் 'ஒன்ஸ்மோர்' என்று கத்தியது. நானும் கத்தினேன், கைதட்டினேன். என் மதிப்புரை பலித்துவிட்டது என்ற பெருமிதம் அந்தத் தட்டலில் இருந்தது. அதே மாதம் பல்லாவரத்து மெல்லிசைக் குழு ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது. பிறகு பல ஆண்டுகள் கல்யாண மேடைகளில் பிறருடைய பாட்டுகளைப் பாடினான் என்று கேள்வி.

வீடு திரும்பும் வழியில், ரயில்வே கேட் மூடியிருந்தது. காத்து நின்றபோது அண்ணன் கேட்டார்:

"நீ சொல்லுடா. அந்த பஸ்ஸுப் பாட்டு நல்லாத்தானே இருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நான் சரியாக் கேக்கல" என்றேன்.

மூன்று சரணங்களும் எனக்கு மனப்பாடம். அன்று காலை குளிக்கும்போதுகூட அதைத்தான் முணுமுணுத்தேன்.

எட்டாம் இதழ் வரவில்லை. என் மழைக் கவிதையும் அதோடு போயிற்று. அண்ணன் ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தார். எழுதுவதை விட்டாரே தவிர, கேட்பதை விடவில்லை. கைப்பேசி வந்தபின், யாரும் கேட்டிராத பாட்டுகளைத் தேடியெடுத்துத் தினமும் காலையில் எனக்கு அனுப்பத் தொடங்கினார். மாதிரிக்கு ஒன்று: "எனக்கு மியூசிக் தெரியாது. ஆனா இதக் கேளு. ஊரப்பாக்கத்துல ஒரு மாடி ரூம்ல இந்தப் பொண்ணே எழுதி, பாடி, பதிவு பண்ணியிருக்கு. நடுவுல பக்கத்து வீட்டு குக்கர் விசில் கேக்குது. அத எடுக்காம விட்டிருக்கு பாரு, அங்கதான் பாட்டு ஆரம்பிக்குது. இதுவரைக்கும் நாப்பது பேர்தான் கேட்டிருக்காங்க. நீ நாப்பத்தொண்ணு."

நான் நாற்பத்தொன்று ஆகவில்லை. பாட்டைத் திறக்காமலே, கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்பினேன். ஒவ்வொரு நாளும் அதையே அனுப்பினேன்.

சென்ற வாரம் அந்தச் செய்திகளை முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொன்றும் "எனக்கு மியூசிக் தெரியாது" என்றுதான் தொடங்குகிறது. அதை அவருடைய அடக்கம் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். அப்பாவின் தீர்ப்பு என்று நம்பி ஏற்றுக்கொண்ட 'இசையறியாத ஒருவர்' என்ற என் சொற்களை அவர் ஐம்பது ஆண்டுகள் கீழ்ப்படிதலோடு சுமந்திருக்கிறார். அதோடு நிற்கவில்லை. தம்மை இகழ்ந்த அந்த நான்கு வரிகளில், அப்பா தம் எழுத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தார் என்ற ஒரு சந்தோஷத்தையும் தேடி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். அப்பா ஓர் இதழையும் பிரித்ததில்லை.

ஏழுமலையை வீழ்த்துவதாக நினைத்துத்தான் அந்தச் சிறுவன் எழுதினான். அந்த வீட்டில் அண்ணன் யாருடைய ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார் என்பதும், ரயில்வே கேட்டருகில் அவர் கேட்டது பாட்டைப் பற்றி மட்டும் அன்று என்பதும் அவனுக்கு விளங்கவில்லை.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

அண்ணியிடம் உண்மையைச் சொல்வது. சொன்னால் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறேன் என்பதை முதலில் யோசித்து முடிப்பது.

அண்ணன் அனுப்பிய பாட்டுகளைக் கேட்பது.

கோவளத்துக்குப் போய், ஏழுமலை இருக்கிறாரா என்று விசாரிப்பது.

பஸ்ஸுப் பாட்டின் மூன்று சரணங்களையும் எழுதி வைப்பது. மெட்டை எழுத எனக்குத் தெரியாது. யாரிடமாவது பாடித்தான் காட்ட வேண்டும்.