மூன்றாம் மாடியில் திறக்காத ஜன்னல்

போன வாரம், நான் பிறந்த ஊரில், ஹோட்டலில் ரூம் எடுத்துத் தங்கினேன்.

இதை வாசித்துச் சிரிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். கல்முனை, சாய்ந்தமருது பக்கத்து வாசகர்களுக்குச் சிரிப்பு வராது... கோபம்தான் வரும். கூடப்பிறந்த ராத்தா ஊரிலே இருக்கும்போது தம்பிக்காரன் ரூமில் போய்ப் படுப்பதா?

காரணம் சொல்கிறேன்.

கொழும்பு மருதானையில் நான் இருப்பது ஒரு டயர்க் கடைக்கு மேலே. விடிந்தும் விடியாமலே முதல் டயரைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். காற்றடிக்கிற இயந்திரம் என் தலையணைக்குக் கீழேயே ஓடுகிற மாதிரி இருக்கும். அதற்கு மேலே பஸ் ஹோர்ன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அரிசி ஆலை, கட்டார், ஹோட்டல் குசினி, லொறி என்று எங்கெங்கோ அலைந்திருக்கிறேன். ஓடுகிற லொறியில் வெங்காய மூட்டைக்கு மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன். சத்தம் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் கடல் வேண்டும் போலிருந்தது.

கொழும்பில் கடல் இல்லையா? இருக்கிறது. காலிமுகத்திடலுக்குப் போனேன், இறால் வடை தின்றேன், திரும்பி வந்தேன். அந்தக் கடலில் சூரியன் விழுகிறது. எங்கள் கடலில் எழும்புகிறது. கிழக்கில் பிறந்தவனுக்குக் கொழும்புக் கடல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரித்தான் தெரியும்.

சரி, ஊருக்குப் போனால் ராத்தா வீட்டில் தங்கலாமே?

அங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். முடிக்காதவன்? அவனைப் பற்றி வழக்கத்தில் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. உம்மாவின் வீடும் ராத்தாவுக்கு என்றுதான் இருந்தது. கடலிலிருந்து நூறு யார் தூரம்தான். சுனாமி அதை எடுத்துக்கொண்டது. உம்மா உள்ளே இருந்தார்.

பிறகு ராத்தாவுக்கு வயல் பக்கமாக, வீட்டுத்திட்டத்தில் இரண்டு அறை வீடு கிடைத்தது. இப்போது ஓர் அறையில் மகளும் மருமகனும். மற்றதில் ராத்தாவும் பேரப்பிள்ளைகளும். மச்சான் விறாந்தையில். நான் போனால் ராத்தா தன் கட்டிலைத் தந்துவிட்டுக் குசினியில் பாய் போட்டுப் படுப்பாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். போன தடவை விடியற்காலையில் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரில் கை ஊன்றி எழும்பியதைப் பார்த்துவிட்டேன்.

அதனால்தான் ரூம். மூன்று நாள். கடலைப் பார்த்துத் தூங்கிவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பிவிட வேண்டும். ராத்தாவுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால்? என் உறவே வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடியவள். எனக்கு மிச்சமிருக்கிற ஒரே உறவும் அவள்தான்.

வியாழக்கிழமை ஹோட்டலுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கேட்டார்.

“சேர் எந்த ஊர்?”

“கொழும்பு.”

அடையாள அட்டையைப் புரட்டினார். “பிறந்த எடம் சாய்ந்தமருது எண்டு போட்டிரிக்கி?”

“பிறந்தது மட்டும்தான்.”

மூன்றாம் மாடி. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி முழுக்கக் கடல். அடடா! திறந்துவிட்டுப் படுக்கலாம் என்று போனால்... கொண்டியும் இல்லை, கைப்பிடியும் இல்லை. கீழே இறங்கிப் போய்க் கேட்டேன்.

“அது தொறக்காது சேர். ஏஸி ரூம்தானே.”

“அப்ப கடல் சத்தம்?”

“ஒரு சொட்டுச் சத்தம் உள்ளுக்கு வராது சேர்!” என்றார் பெருமையாக.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அலை வாயை வாயை அசைத்தது. பேச்சு வரவில்லை. நான் ஏஸியின் உறுமலைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடந்தேன். டயர்க் கடையே பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை கடற்கரையில் வலை இல்லை. எங்கள் ஆட்கள் அன்றைக்குத் தொழில் செய்யமாட்டார்கள். வெறும் மணலில் கொஞ்சம் நடந்தேன். ஜும்ஆவுக்கு ஊர்ப் பள்ளிக்குப் போனால் மச்சானின் கண்ணில் பட்டுவிடுவேனே! பஸ் ஏறி, காரைதீவைத் தாண்டி நிந்தவூருக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தேன். களவாகச் சினிமாவுக்குப் போனவன் உண்டு. களவாகத் தொழப்போனவன் நான் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்துப் படம் பிடித்தேன். வலைக்குப் பொறுப்பான தண்டயல், என் வயதுக்காரர், என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுக் கத்தினார்.

“கொழும்புக் காக்கா! படம் புடிச்சா மீன் வருமா? கயித்தில கைய வைங்க!”

வைத்தேன். கால் தானாக மணலில் புதைந்தது, இடுப்பு தானாகப் பின்னால் சாய்ந்தது. பத்து நிமிஷத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அந்தக் கண்ணாடி உள்ளே விடாத சத்தம் காதுக்குள்ளே இரைந்தது. வலையின் மடி நிறையக் கீரி மீன் கரையேறியது.

கயிற்றில் கை வைத்தவனை வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்பது அந்தக் கரையின் முறை. தண்டயல் ஒரு சொப்பிங் பேக்கில் மீனை அள்ளி நீட்டினார்.

“கறிக்கு வெச்சிக்கங்க. எந்த வீட்டுக்குப் போகுது? எங்க கலியாணம் முடிச்ச?”

“முடிக்கல்ல.”

கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர் ஒருவர் நிமிர்ந்தார். “ஓட்டல்லதானே நிக்கிறாரு. அந்த ரூம்ல வெச்சாலும் பழுதாகா. நல்ல குளிராம்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கையில் மீன் கனத்தது. உலகத்தில் எங்கெங்கோ போய்ப் பிழைத்தவன்... ஒரு பிடி மீனைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு குசினி இல்லாமல் நின்றேன்.

ஹோட்டல் வாசலிலேயே கவுண்டர்க்காரர் மறித்தார். “சேர், மீன உள்ளுக்குக் கொண்டு போக ஏலா.”

வேறு வழி? ஓட்டோவைப் பிடித்து வீட்டுத்திட்டத்துக்குப் போனேன். எதிர்பாராமல் இன்றைக்குத்தான் வந்தேன் என்று சொல்லலாம். வழிநெடுக அந்தப் பொய்யைச் சரிசெய்துகொண்டே போனேன்.

ராத்தா வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னையும் பார்க்கவில்லை, சலாமுக்கும் முகம் நிமிரவில்லை. பையை மட்டும் பார்த்தாள்.

“கீரியா?”

“ஓம். காலைல பஸ்ஸால எறங்கி...”

“வியாழக்கிழம வந்த. மூணாம் மாடி. ஜன்னல் தொறக்கல்ல எண்டு கீழ போய்க் கதைச்ச.” கடைசி உடுப்பை உதறிப் போட்டாள். “அந்தக் கவுண்டர்ல நிக்கிறவன்ட உம்மா அடுத்த ஒழுங்கைல குடியிரிக்கா மனே.”

மீன் பையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

“ரெண்டு நாளா ஒரு கொத்து அரிசி கூடப் போட்டுச் சமைச்சன். இப்ப வருவான், இப்ப வருவான் எண்டு. நீ வராமலே கொழும்புக்குப் போயிரிந்தா, அல்லாஹ்வுக்காகச் செல்றன், மறுகா எனக்குத் தம்பி இல்ல.”

“நீ குசினில படுக்கிற, ராத்தா. உன்ட முழங்கால்...”

“அது என்ட முழங்கால். உனக்கென்ன?”

பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே போனேன். பேரப்பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். பக்கத்து வீட்டில் யாரோ மரம் அறுத்தார்கள். ராத்தா குந்தியிருந்து மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் கடற்கரைக்குப் போய் எத்தனையோ வருஷம். அந்த அலைக்குப் பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. கடலைப் பற்றிக் கதைப்பதும் இல்லை.

தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“கடல் எப்பிடி இரிக்கி?”

பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரரின் சுகத்தை மூன்றாம் ஆளிடம் விசாரிப்போமே, அந்தக் குரல்.

“அமைதியா இரிக்கி ராத்தா.”

“ம்.” இரண்டு மீன் வெட்டினாள். “நல்லா இருக்கட்டும்.”

கீரி மீன் ஆணமும் சோறும். தின்றுவிட்டு, குசினிப் பாயில் கொஞ்சம் சாய்ந்தேன். பிள்ளைகளின் சண்டை, மரம் அறுக்கிற சத்தம், மருமகனின் ஓட்டோ... எல்லாவற்றுக்கும் நடுவில் பின்னேரம் அஸர் பாங்கு வரைக்கும் கட்டை மாதிரித் தூங்கினேன். இரண்டு மாதத் தூக்கம்.

எழும்பும்போது ராத்தா பக்கத்தில் தேத்தண்ணீரோடு நின்றாள். ஏதோ கேட்க நினைத்து நிற்கிறாள் என்று தெரிந்தது.

“அந்த ஜன்னல்... மெய்யாவே தொறக்காதா?”

“தொறக்காது.”

“சத்தம்?”

“ஒரு சொட்டும் வராது.”

தேத்தண்ணீரை என் கையில் தந்தாள்.

“தொழுதிட்டு வாறன். மருமகனுக்கு ஓட்டோவ எடுக்கச் செல்லு.”

மூன்றாம் மாடிக்கு ஒவ்வொரு படியாக, நின்று நின்று ஏறினாள். ரூமுக்குள் வந்தும் கதவோரத்திலேயே நின்றாள். பிறகு ஓரடி. இன்னோரடி. கண்ணாடிக்குப் பக்கத்தில் போனதும், உண்மையிலேயே மூடித்தான் இருக்கிறதா என்று விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கண்ணை நிமிர்த்தினாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

“எங்கட வீடு எவடத்த?”

“அந்த ஒத்தத் தென்னைக்கு இங்கால. இப்ப வெறும் மணல்.”

அந்த இடத்தின் மேல், கண்ணாடியில், உள்ளங்கையை வைத்தாள்.

“அப்பவும் மணல்தான். உம்மா விடிய விடிய வாசல் கூட்டுவா. கூட்டக் கூட்ட மணல்தான் வரும். கடலுக்கு ஏசுவா.” சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தது.

பிறகு கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். “நல்ல மெத்த. கொஞ்சம் கால நீட்டிக்கிறன். நீ ஆடாம அசையாம இரு.”

கடலைப் பார்த்துப் படுத்தவள் தூங்கிப்போனாள். நான் கதிரையில் ஆடாமல் அசையாமல் இருந்தேன். பொழுதுபட்டு, மஃரிப் பாங்குக்குத்தான் எழுப்பினேன். அந்த இரவு ரூம் சும்மா கிடந்தது. நான் குசினிப் பாயில்.

கொழும்புக்குத் திரும்பின அன்று போனுக்கு ஹோட்டலிலிருந்து ஒரு செய்தி. குறை நிறையை எழுதச் சொல்லி, நட்சத்திரம் போடச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். கீழே டயர்க் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்து எழுதினேன்:

‘ஜன்னல் திறக்காது. ஐந்து நட்சத்திரம்.’