ஒன்பதாவது முகம்

பழவேற்காட்டுப் பக்கம் கோட்டைக்குப்பத்தில் ஒரு மீனவரை எதிரே உட்காரவைத்து, அவர் முகத்தை மண்ணில் செய்து, வெண்கலத்தில் வார்த்தேன். எட்டே பிரதிகள். "எங்க வூட்டுக்கு ஒண்ணு குடுக்கா" என்று அவர் கேட்டபோது சிரித்து மழுப்பிவிட்டேன். ஒன்பதாவது இருந்தால் எட்டுக்கும் மதிப்பில்லை. வாங்கியவர்கள் முன்னால் அச்சை நானே சுத்தியலால் உடைத்தேன், கைதட்டினார்கள். சிற்பியாக நான் பேர் வாங்கியது அன்றுதான்.

மறுவருடம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவர் மனைவி பொன்னேரியில் ரயிலேறி என் பட்டறைக்கு வந்தார்.

"மண்ணுல இருந்தாலும் பரவால்லக்கா. அவரு மூஞ்சி ஒண்ணு குடு."

அச்சை உடைத்துவிட்டதைச் சொன்னேன்.

"எட்டு பேரு வூட்ல கீறாரு. எங்க வூட்ல மட்டும் இல்லியாக்கா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் வலது கையைப் பிடித்து, "இந்தக் கைதானே அவரு மூஞ்சியத் தடவித் தடவிச் செஞ்சுது?" என்று தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். சுத்தியல் பிடித்ததும் அதே கைதான்.

அன்றிலிருந்து, அவரை எதிரே உட்காரவைத்தபோது எடுத்த படங்களைப் பார்த்து அந்த முகத்தை மண்ணில் செய்துகொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் மனைவி வந்து, வெகுநேரம் பார்க்கிறார்.

"நல்லாத்தான் கீதுக்கா. ஆனா, இது யாரோ."