லாங் ஐலண்டுக்குப் போய்த் திரும்பி வந்த எஸ்எஸ்டி

கவுண்டரில் இறங்கிய சிபியு

ஜெசிந்தா அன்றைக்குக் கடைக்குள் வந்தபோது யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. படுக்கை விரிப்பில் சுற்றிய சிபியுவைக் கவுண்டர் மேல் இறக்கினாள். விரிப்பின் ஓரமெல்லாம் கடல்நீர். முடிச்சை அவிழ்த்தபடியே முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்:

"லக் ஜாயேகான்னு சொன்னியள்லா. நல்லா லகிருச்சு. ஓடத்தான் மாட்டேங்கு."

லக் ஜாயேகா என்றால் பொருந்திவிடும். எங்கள் தீவுகளின் பெரிய கடைத்தெருவான அபர்டீன் பஜாரில் இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே ஒருவர் ஆயுள் முழுக்கக் கம்ப்யூட்டர் கடை நடத்திவிடலாம். எங்கள் முதலாளி நடத்திக்கொண்டிருந்தார். நான் அவரிடம் சர்வீஸ் பெஞ்சில் உட்கார்பவன். மதர்போர்டுகளில் உப்பு பூத்து, பச்சை பிடித்து, கறுத்து, செத்துப்போவதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

ஜெசிந்தாவின் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்து தங்கிவிட்ட குடும்பம். லாங் ஐலண்டில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். ஊராருக்குக் கப்பல் டிக்கெட் போடுவது, வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவது எல்லாம் அவள்தான். அந்தத் தீவில் ஓர் அரசுச் சேவை மையத்துக்கு அப்போது அனுமதி கொடுக்கவிருந்தார்கள். அதிகாரி ஒருவர் படகில் வந்து மெஷினை ஓட்டிப் பார்ப்பார். ஓடினால் அனுமதி அவளுக்கு. இல்லாவிட்டால் பக்கத்துத் தீவிலுள்ள ரங்கத்திலிருந்து வந்து கடை போடத் தயாராக நின்ற இன்னொருவருக்கு. ஒரு தீவில் இரண்டு மையம் கிடையாது. அவளுடைய பழைய ஹார்டு டிஸ்கோ முனகி முனகித்தான் எழுந்திருக்கும். அதனால்தான் எங்களிடம், டிஸ்கைவிடப் பல மடங்கு வேகமான எஸ்எஸ்டி வாங்கிப் போனாள்.

வாங்கிய அன்று நான் வெளியே சர்வீஸ் வேலையாகப் போயிருந்தேன். தன்னுடைய போர்டின் படத்தைப் போனில் காட்டியிருக்கிறாள். முதலாளி பார்த்தது ஸ்லாட்டின் வடிவத்தை. "எம்.2 இருக்கு. லக் ஜாயேகா." முடிந்தது பரிசோதனை.

இங்கே நிறுத்திச் சொல்கிறேன், கவனியுங்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும்தான். சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் அந்த எஸ்எஸ்டியில் இரண்டு இனம் உண்டு: சாட்டா, என்விஎம்இ. சாட்டாவின் விளிம்பில் பெரும்பாலும் இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இயில் ஒன்று. ஸ்லாட்டில் ஒரே ஒரு பல். இரண்டு வெட்டு உள்ளதும் அந்த ஒரு பல்லின் மேல் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். ஸ்க்ரூவும் இறங்கும். ஆனால் அந்த ஸ்லாட்டுக்குச் சாட்டா லைன் கொடுக்காத போர்டாக இருந்தால், மெஷின் எழும்போது தன் உறுப்புகளை எண்ணிக் காட்டும் பயாஸில் அதன் பெயர் வரவே வராது. நுழையும், வேலை செய்யாது! இப்படி ஒன்றை யோசித்து, வரைந்து, உலகம் பூராவும் விற்றவர்களை ஒருமுறை எங்கள் ஊர்ப் படகில் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வைக்க வேண்டும். அலை அடிக்கிற பக்கமாக.

மெயின்லேண்டில் தப்பாக வாங்கினால் மறுநாளே மாற்றிக்கொள்வார்கள். இணையத்தில் எங்கள் பின்கோடைப் போட்டால் பாதி விற்பனைத் தளங்கள் முகத்திலேயே கதவைச் சாத்துகின்றன. அதனால் இங்கே ஒரு வழக்கம் வந்துவிட்டது. தப்பாக வந்து இறங்கிய சரக்கு திரும்பிப் போகாது. ஷெல்ஃபில் குந்தியிருக்கும், விவரம் தெரியாத ஒருவர் வரும்வரை. ஜெசிந்தாவின் தலையில் கட்டியதும் அப்படிக் குந்தியிருந்த சாட்டா டப்பாதான்.

இரண்டும் நல்லது

முதலாளி டிரைவைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"நீயா மாட்டுன? தப்பா மாட்டி வளைச்சிருப்ப. டப்பா பிரிச்சா வாபஸ் நஹி, மேடம். கடைச் செவத்துலயே எழுதியிருக்கு பாரு."

"நான் வலை பின்னுற வீட்டுல பொறந்தவ முதலாளி. ஒரு ஸ்க்ரூ மாட்டத் தெரியாதாக்கும்?"

நான் எழுந்து போனேன். சிபியுவைத் திறந்து போர்டின் மேல் அச்சிட்டிருந்த மாடல் பெயரை எடுத்து, கம்பெனியின் இணையப் பக்கத்தில் தேடினேன். ஸ்லாட்டுக்கு நேராக ஒரே ஒரு வரி. பிசிஐஇ மட்டும். அதாவது என்விஎம்இ மட்டும். சாட்டா என்ற சொல்லே அந்த வரியில் இல்லை.

"முதலாளி, இந்த போர்டுல இந்த டிரைவ் ஓடாது."

"அவன் என்னமோ எழுதியிருப்பான். டிரைவு டெட். இவங்கதான் கெடுத்திருக்காங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கடையின் பில்லிங் மெஷின் கொஞ்சம் பழைய போர்டு, அதன் எம்.2 ஸ்லாட் இரண்டு இனத்தையும் ஏற்கும். யாரையும் கேட்காமல் அதை ஆஃப் செய்து, திறந்து, ஜெசிந்தாவின் டிரைவை மாட்டி ஆன் செய்தேன். பயாஸில் பளிச்சென்று பெயர் வந்தது. ஆனால் கடையின் பில்லிங் டிஸ்கைக் காணவில்லை.

"அரே! என் பில்லிங் எங்கடா?" முதலாளி கவுண்டரைச் சுற்றி ஓடிவந்தார்.

அதுவும் ஒரு பாடம். சில போர்டுகளில் எம்.2வில் சாட்டா டிரைவ் போட்டால், வயர் செருகும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்று அணைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே லைன். பில்லிங் டிஸ்கின் கேபிளைப் பக்கத்துப் போர்ட்டில் மாற்றிச் செருகினேன். இரண்டும் தெரிந்தன. கார்ட்ரிட்ஜ் வாங்க நின்றிருந்த பெங்காலி அண்ணன், நாங்கள் தாதா என்று கூப்பிடுகிறவர், எட்டிப் பார்த்து, "தோனோ டீக் ஹை" என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டும் நல்லது.

முதலாளி முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"அப்படிச் சொல்லு. டிரைவு நல்லாருக்கு. அவங்க போர்டும் நல்லாருக்கு. அப்ப என் மேல என்ன தப்பு? கெட்டுப்போனாத்தான் வாரன்ட்டி. நல்ல பொருளை எப்படி வாபஸ் எடுக்கறது?"

 நான் நிரூபித்ததையே எடுத்து அவளை அடிக்கிறார். 

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். பில்லிங் மெஷினுக்குள் கேபிளில் தொங்கிய தட்டையான டப்பாவைக் காட்டி, "அது என்னண்ணே?" என்று என்னைக் கேட்டாள்.

"அதுவும் எஸ்எஸ்டிதான்மா. சாட்டா. வயர் போட்டு மாட்டறது."

"என் போர்டுல ஓடுமா?"

"ஓடும். உன் ஹார்டு டிஸ்க் இருக்கிற அதே போர்ட்டுதான்."

"அப்ப அதைக் கழட்டுங்க."

"பாகல் ஹை க்யா, பைத்தியமா?" முதலாளி கத்தினார். "அது என் பில்லிங்!"

"ஒங்க பில்லிங்கு இந்த டிரைவுல ஓடும்லா? இப்பந்தான எல்லாரும் பாத்தோம். நல்ல பொருளுன்னு நீங்களே சொன்னிய. அந்த நல்லதை நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு ஒங்க பழசு போதும்."

தாதாவுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. விழுந்து விழுந்து சிரித்தார். வாசலில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். முதலாளி "சீக்கிரம் முடி" என்று என்னிடம் எரிந்து விழுந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பில்லிங்கைப் புது டிரைவுக்கு குளோன் செய்து, அதாவது அப்படியே நகலெடுத்து, அதில் ஓட்டிப் பார்த்து, பழையதைத் துடைத்தேன். அப்புறம் ஜெசிந்தாவின் ஹார்டு டிஸ்கில் இருந்ததையெல்லாம் அதில் ஏற்றினேன். நடுவில் அந்த டிஸ்க் கடக் கடக்கென்று சத்தம் போட்டது. செத்துப்போனால் தீவின் பாதி விண்ணப்பங்கள் அதோடு போயிருக்கும். சாகவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அவளுடைய மெஷின் தண்ணீர் குடிப்பதுபோல் மளமளவென்று எழுந்தது. அதே விரிப்பில் கட்டிக்கொண்டு மறுநாள் காலைப் படகுக்குப் போனாள்.

போன்

அந்த வாரமே அழைத்தாள்.

"அண்ணே, அவரு வந்தாரு. ஓட்டிப் பாத்தாரு. கையெழுத்துப் போட்டுட்டாரு. மையம் நமக்குத்தான்."

"ரொம்பச் சந்தோஷம்மா."

"ஆனா ஒண்ணு. இனிமே ஒங்க கடைப் படி மிதிக்க மாட்டேன். கோவிச்சுக்கிடாதிய."

கோவிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? உதவியவன் தனி, ஏமாற்றியவர் தனி என்று பிரித்துப் பார்க்கிற கடமை அவளுக்கு இல்லை. படகேறி வருகிறவளுக்குக் கடை ஒன்றுதான். கவுண்டரும் பெஞ்சும் அதற்குள் இருக்கிற மேஜை நாற்காலிகள்.

இப்போது யார் எஸ்எஸ்டி கேட்டு வந்தாலும் பெஞ்சை விட்டு எழுந்து கவுண்டருக்கு வந்துவிடுகிறேன். போர்டின் மாடல் என்ன என்று கேட்கிறேன். தெரியாது என்றால் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். ஸ்லாட்டை அல்ல, போர்டில் அச்சிட்ட பெயரை. கம்பெனியின் பக்கத்தில் ஸ்லாட்டுக்கு நேரே சாட்டா என்று எழுதியிருந்தால்தான் சாட்டா ஓடும். எழுதவில்லை என்றால் ஓடாது. ஓடலாம் என்று ஒன்று கிடையாது. முதலாளி முறைக்கிறார். முறைக்கட்டும்.

புதிதாக வருகிறவர்களே, கோபம் வரவேண்டியது டப்பாவை ஷெல்ஃபிலிருந்து எடுக்கும்போது. ஸ்க்ரூ இறங்கிய பிறகு வருகிற கோபத்தால், அலையில் நனைந்து வந்து நிற்கிறவளுக்கு ஒரு பயனும் இல்லை.